காத்தாசான் காற்றிறக்கிய கார்

நாகர்கோவிலிலிருந்து நெய்யூர் வரைக்கும் உள்ள பதினான்கு மைல் சாலையைப் பிருஷ்டத்தால் மனப்பாடம் செய்திருந்த மனிதர் திருவிதாங்கூர் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். கண்ணைக் கட்டிக் காரின் பின் ஆசனத்தில் உட்கார வைத்தாலும், இது சுங்கான்கடை, இது வில்லுக்குறி வளைவு, இப்போது வரப்போவது தாசில்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். தாசில்தார் என்பது ஆளல்ல, ஒரு குழி. எத்தனை முறை நிரப்பினாலும் மறுபடி வாயைத் திறக்கும் என்பதால் அந்தப் பெயர். அதற்கு அடுத்த குழிக்குத் தன் மாமியாரின் பெயரை வைத்திருந்தார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. சபைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் காத்தாசான். டயர், காற்று, சக்கரம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் பற்றி ஐந்து நிமிஷம் தொடர்ந்து பேச அவரால் முடியாது. மனிதர்களையும் அப்படித்தான் எடை போடுவார். ஒருவர் சிடுசிடுத்தால் "காத்து கூடுதல்". சோர்ந்திருந்தால் "வால்வு ஒழுகுது". ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், பக்கத்தில் இருக்கும் என் காதில், "போதகருக்கு அறுபது ராத்தல் காத்து ஏறிப்போச்சு ஓய், இனி வெடிக்காமப் பாத்துக்கணும்" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. என் மனைவி என்னை வேறு வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தாள்.

நான் அப்போது வடசேரியில் டயரும் பெட்ரோலும் விற்கும் ஒரு கடையில் குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. எங்கள் பக்கத்துக் கார்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அவற்றில் பெரியது கோட்டாற்றில் இருந்த ஒரு பண்ணையாருடையது. கறுப்பு நிறம், மூடிய கூரை, வெல்வெட் ஆசனம், ஜன்னலுக்குப் பட்டுத் திரை. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அந்தக் காரின் சாரதிதான் காத்தாசான்.

காரில் எல்லாம் ராஜபோகம், சக்கரம் மட்டும் மாட்டுவண்டி ஜாதி. பண்ணையாரின் இடுப்பு உயரத்துக்கு இரும்பு வளையம், அதைச் சுற்றிப் பாம்பு மாதிரி ஒல்லியாக ஒரு டயர். அந்த டயருக்குக் காற்று கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். சாலையில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலைக்கூட வெல்வெட்டில் உட்கார்ந்திருப்பவர் உணர்ந்துகொள்ளலாம்.

அந்த நாளில்தான் பருத்த டயர் வந்து இறங்கியது. சிறிய வளையம், அதன்மேல் தடித்த டயர், உள்ளே பாதிக் காற்று. காத்தாசான் எங்கள் கடையில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வந்தார். தட்டினார், அமுக்கினார், காதை வைத்துக் கேட்டார். பிறகு நேராகப் பண்ணையாரிடம் போய், இதை மாட்டினால் தாசில்தாரும் மாமியாரும் இருக்குமிடம் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். வளையம் எலும்பு, டயர் சதை, எலும்பைக் குறைத்துச் சதையைக் கூட்டினால் விழுந்தாலும் வலிக்காது என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

பண்ணையார் மறுத்துவிட்டார். அவர் காரிலிருந்து இறங்குவது சுவாமி தேரிலிருந்து இறங்குவது மாதிரி இருக்கும். சக்கரம் சிறுத்தால் ஆளும் சிறுத்துப்போவான் என்பது அவர் கட்சி. மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், இரும்பு குறைந்த இடத்தை ரப்பர் நிரப்பிவிடும் என்று காத்தாசான் முழக்கயிற்றை வைத்து அளந்துகூடக் காட்டினார். பலிக்கவில்லை.

இதில் காத்தாசானுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் அவரே சொன்னார், நான் யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. பண்ணையாருக்குக் கடுமையான மூல வியாதி. வீட்டில்கூடத் தெரியாது. உடம்புச் சூடு என்று சொல்லிச் சமாளித்துவந்தார். ஆனால் முன்னால் உள்ள சின்னக் கண்ணாடியில் காத்தாசானுக்கு அவர் முகம் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் அந்த முகம் என்ன பாடுபடும் என்பதைக் காத்தாசான் எனக்கு நடித்தே காட்டினார். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

"அவரு ஒரு நாளும் மெள்ளப் போன்னு சொன்னதில்ல ஓய். பல்லைக் கடிச்சிட்டு வெளிய பாத்துக் கும்பிடு வாங்கிட்டே வருவாரு. எனக்கு வண்டி ஓட்டக் கை வரல்ல."

அதனால் ஒரு களவு தொடங்கியது. தினமும் காலையில் கார் எங்கள் கடைக்கு வரும். பண்ணையாரின் உத்தரவுப்படி நாங்கள் அறுபது ராத்தல் காற்று அடிப்போம். நான் அதை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். காத்தாசான் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காரைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய், நாலு சக்கரத்திலும் பாதிக் காற்றைத் திறந்துவிடுவார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படியே ஐந்து மாதம் ஓடியது.

பருத்த டயருக்குக் காற்று குறைவாக இருந்தால் சுகம். ஒல்லி டயருக்கு அது ஆபத்து. அந்த டயர் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே காற்றின் பலத்தில்தான். காத்தாசானுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். வளைவுகளில் கட்டைவண்டிபோல் ஊர்ந்துதான் போவார்.

மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழாவுக்குப் பண்ணையார் போன அன்று, வில்லுக்குறி வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. காத்தாசான் ஒடித்துத் திருப்பினார். பின்பக்கத்து டயர் வளையத்தை விட்டுக் கழன்றது. கழன்றதோடு நிற்காமல், காரையும் முந்திக்கொண்டு, கொடைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே வழி கேட்காமல் ஓடி, ஒரு வாத்துக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வயலில் இறங்கியது. தன் டயர் தன்னை முந்திப் போவதைப் பண்ணையார் பட்டுத் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று கேட்டார். காத்தாசானுக்குப் பொய் வராது. முப்பது ராத்தல் என்றார். ஏன் என்று கேட்டார். ஜனக்கூட்டம் சுற்றி நிற்கிறது. காத்தாசான் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்திலேயே வேலை போயிற்று. ஆனால் பண்ணையாருக்குக் கார் ஓட்டத் தெரியாதே. ஆகவே வேலை போன காத்தாசானே வயலில் இறங்கி டயரை எடுத்து, கழுவி, மாட்டி, அறுபது ராத்தல் காற்று அடித்து, பண்ணையாரைக் கோட்டாற்றில் கொண்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. நான் என் வேலையில் இருந்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு புது சாரதி வந்தார். தொப்பி, பித்தளைப் பொத்தான், சல்யூட் எல்லாம் உண்டு. காற்று அறுபதுக்கு ஒரு ராத்தல் குறைந்தாலும் எங்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். சாலையில் குழி இருப்பதை அவர் மதிப்பதே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பண்ணையார் ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் காத்தாசானுக்குத் தெரியுமாவே?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"ஊரில யாருகிட்டயாவது சொல்லியிருக்கானா?"

என்னிடம் மட்டும் என்றேன். அவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள், போவதைப் பற்றிக் கவலை இல்லை, அறுத்த புண்ணோடு திரும்பி வருவதை நினைத்தால்தான் குலை நடுங்குகிறது என்றார்.

"அவனைக் கூட்டிட்டு வாரும். என்ன சக்கரம் வேணுமோ மாட்டிக்கிடட்டும்."

காத்தாசான் அப்போது பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வளையம் எத்தனை அங்குலம் என்று. அன்றைக்கே பஸ்ஸை விட்டு இறங்கினார்.

சின்ன வளையமும் பருத்த டயரும் கொச்சியிலிருந்து வந்து சேரப் பதினைந்து நாள் ஆயிற்று. மாட்டிய பிறகும் பண்ணையாருக்குச் சந்தேகம் தீரவில்லை. அதைத் தீர்க்கக் காத்தாசான் ஒரு வழி கண்டுபிடித்தார். பண்ணையார் வீட்டுச் சவரக்காரரைக் காரில் ஏற்றி, ஓடும் காரில் ஒரு ஆளுக்கு முகச்சவரம் செய்து காட்டுவது. அந்த ஆள் நான்தான். ஐந்து மாதக் களவில் பங்கு இருந்ததால் மறுக்க வாய் வரவில்லை. கழுத்தில் துண்டைக் கட்டி, முகத்தில் சோப்பு நுரையோடு பின் ஆசனத்தில் சாய்ந்தேன். பண்ணையார் எதிரில் மடக்கு ஆசனத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு நீதிபதியைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார். கார் பார்வதிபுரம் தாண்டியது. கத்தி என் தொண்டையில் இறங்கியது. நான் பைபிள் சங்கீதங்களில் தெரிந்த எல்லாவற்றையும் மனதுக்குள் சொன்னேன். தாசில்தார் வந்தார், போனார். மாமியாரும் போனார். ஒரு கீறல் இல்லை. திரும்பும் வழியில் ஜன்னல் வழியாகச் செம்மண் தூசி வந்து சவரக்காரர் தும்மினார். என் மீசையில் ஒரு பக்கம் போயிற்று.

"அது டயருக்க குத்தம் இல்ல, மூக்குக்க குத்தமாக்கும்" என்று காத்தாசான் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பண்ணையார் சிரித்தார். சிரித்த வேகத்தில் வலி வந்து முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சிரித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மூன்று வாரம் கழித்துக் கூட்டி வரும்போது துணைக்கு நானும் போனேன். மத்தியான வெயில். பின் ஆசனத்தில் தலையணைகளை அடுக்கி அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலேயே எவ்வளவு பயம் இருந்தது என்பது தெரிந்தது.

பருத்த டயரில் ஒரு கஷ்டம் உண்டு. பின்னால் இருப்பவருக்கு மெத்தை, ஓட்டுகிறவருக்கு ஆட்டுக்கல். மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் திரும்பவே திரும்பாது. காத்தாசான் அன்று நடை வேகத்தில்தான் வந்தார். குழிகளைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். இரணியல் தாண்டியதும் என் கையில் இருந்த பிடி தளர்ந்தது. பயந்துபோய்ப் பார்த்தேன். பண்ணையார் தூங்கிவிட்டார். தக்கலையில் குறட்டை ஆரம்பித்தது. வில்லுக்குறி வளைவில் அது வாத்துக் கூட்டத்தையே கலைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கோட்டாற்றில் வீட்டு வாசலில் எல்லாரும் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். காத்தாசான் நிறுத்தவில்லை. அவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அப்படியே தாண்டிப் போனார். எங்கே போகிறீர் என்று கிசுகிசுத்தேன்.

"ஆறு மாசமா உறங்காத மனுசன் ஓய். வண்டி நின்னா முழிச்சிருவாரு."

சுசீந்திரம் போனோம். திரும்பி வந்தோம். வாசலில் மறுபடி விரலைக் காட்டிவிட்டு மறுபடி சுசீந்திரம் போனோம். இரண்டாவது தடவை தெப்பக்குளத்தின் கரையில் பெட்ரோல் தீர்ந்து கார் தானாக நின்றது. பெட்ரோல் கடைக் குமாஸ்தாவான நான் ஒரு டின்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. பண்ணையார் விழிக்கவில்லை. மரநிழலில், வெல்வெட்டில், வாயைத் திறந்தபடி குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தார்.

காத்தாசான் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று முன்பக்கம் போய்ப் பார்த்தேன். ஐந்து மணி நேரம் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டிய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். கை இரண்டும் வீங்கி நடுங்கின. பெட்ரோல் வாங்கிவர நான் புறப்பட்டிருக்க வேண்டும். போகவில்லை. அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்து, அந்தக் கைகளை என் மடியில் வைத்து, வெயில் சாயும்வரை மெதுவாகப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.