பியூக் ஓடுற அன்னிக்குப் போ

1974 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது தோசைக்கும் நாலாவது தோசைக்கும் நடுவே, உமாபதி தன் வாழ்க்கை லட்சியத்தைக் கண்டுபிடித்தார்.

"ஜெயா, நான் ஒரு பட்டறை வைக்கப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் ஜெயபாரதி.

"நாளைக்கு இல்லடி. ஆயுசுக்கு!"

உமாபதி குவைத்தில் ஒரு கட்டட வரைபடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஃபர்வானியாவில் அவர் குடியிருந்த வீட்டின் பின்முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பியூக் கார் ஒன்று. காருக்குள் ஒரு பூனைக் குடும்பம். வீட்டுக்கார அரபி அபு நாசர் புதுக் கார் வாங்கிய அன்று இதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியவர், ஆறு வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இடத்தை அடைக்காமல் இருந்தால் போதும், எடுத்துக்கொள் என்று உமாபதியிடம் பலமுறை சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் ஆபீசில் இங்கிலீஷ்கார மேனேஜர் பழைய மோட்டார் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் குப்பையில் போட்டிருந்தார். உமாபதி அதை மீட்டார். அதில் ஒரு படம். லண்டனுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பழங்காலப் பட்டறை. சுவரில் மரப்பலகை. பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து, அதன் மேல் அந்த ஸ்பானரை மாட்டியிருந்தார்கள். பித்தளை விளக்கு. நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கேன்கள். தோல் ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்கார மீசை, பழைய கார் ஒன்றை வாஞ்சையோடு பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த மீசையின் இடத்தில் உமாபதி தன்னை வைத்துப் பார்த்தார். பொருத்தமாகத்தான் இருந்தது.

பட்டறைக்கு ஏழு தாள்களில் வரைபடம் போட்டார். வடக்குப் பார்வை, கிழக்குப் பார்வை, குறுக்கு வெட்டு எல்லாம் இருந்தன. பூனைகள் குடிபெயர்க்கப்பட்டன. தகரத்தை மறைத்து உட்புறம் முழுக்கப் பலகை அடித்தார். முபாரக்கியா சந்தையில் தேடிப் பித்தளை விளக்கு வாங்கினார். எண்ணெய்க் கேன்கள் பளபளவென்று புதிதாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுத் துருப்பிடிக்க வைத்தார். மேஜைக்கு டீ டிக்காக்ஷன் பூசினார்.

ஜெயபாரதி எட்டிப் பார்த்தாள்.

"பழைய காரைப் புதுசாக்கப் போறேன்னு சொன்னீங்க. புதுச் சாமானை எல்லாம் பழசாக்கிட்டு இருக்கீங்க?"

"உனக்குக் கலை புரியாது ஜெயா."

"அந்த மூலையில ஈசிச்சேர் எதுக்கு?"

"சிந்திக்க."

"தலைகாணி?"

"ஆழமா சிந்திக்க."

"அப்ப இது பட்டறை இல்லைங்க, படுக்கையறை."

டிசம்பரில் பட்டறை தயார். நாற்பத்து மூன்று ஸ்பானர்கள் தங்கள் தங்கள் நிழலின் மேல் தொங்கின. எதையும் எடுக்க உமாபதிக்கு மனசு வரவில்லை, எடுத்தால் பலகை மூளியாகத் தெரியும். அமெரிக்காவிலிருந்து தருவித்த பியூக் ரிப்பேர் புத்தகத்தில் முன்னுரையை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, அழகாக இருக்கும் என்று விளக்கின் அடியில் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஏப்ரன் கட்டிக்கொண்டு உள்ளே போவார். மஞ்சள் துணியால் காரின் பானட்டைத் துடைப்பார். பிறகு சிந்திப்பார்.

கார் அப்படியே நின்றது. குவைத்தில் மழை இரண்டு தரம் பெய்தது. "கார்காலம் வந்தாச்சு, உங்க கார்தான் வரல" என்றாள் ஜெயபாரதி.

அந்த மாதமே அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. சால்மியாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியை வேலை, ஏப்ரலில் சேர வேண்டும். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியவள். குவைத்துக்கு வந்த மூன்று வருஷத்தில் அவள் பௌதிகத்தைப் பயன்படுத்தியதெல்லாம் பிரஷர் குக்கரில்தான்.

கடிதத்தை அவள் நீட்டியபோது பக்கத்துப் போர்ஷன் செய்கு முகம்மதுவும் அவர் மனைவி ஹாலிதாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழக்கரைக்காரர்கள். செய்கு முகம்மதுவுக்கு ஷுவைக்கில் மோட்டார் உதிரிபாகக் கடை.

உமாபதிக்குச் சம்மதம் இல்லை. மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்தால் சுடச்சுடச் சாதம் வேண்டும் என்பதுதான் காரணம். அதை விருந்தாளிகள் முன்னால் சொல்ல முடியுமா?

"சால்மியா எங்க இருக்கு, ஃபர்வானியா எங்க இருக்கு? தினம் யாரு கொண்டு விடறது?"

"வீட்டுல கார் இருந்தா?" என்றாள் ஜெயபாரதி.

உமாபதி சிரித்தார். பின்முற்றத்தைப் பார்த்து ராஜா மாதிரிக் கையை வீசினார். "கார்தானே? இருக்கே! பியூக் ஓடுற அன்னிக்குப் போ!"

"அண்ணே, சொல்லு மாறக்கூடாது பாத்துக்குங்க" என்றார் செய்கு முகம்மது.

"உமாபதி சொன்னா சொன்னதுதான். நீங்களே சாட்சி!"

"சரிங்க" என்றாள் ஜெயபாரதி.

அந்தச் 'சரிங்க'வில் கேள்விக்குறி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது. உமாபதி அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நாலாவது வடையை எடுத்தார்.

உமாபதியின் ஆபீஸ் காலை ஏழிலிருந்து ஒன்று வரை. ஒன்றரைக்குச் சாப்பாடு. இரண்டுக்குப் படுப்பார். குளிருக்காகக் காதைச் சுற்றி மஃப்ளர், அதன்மேல் கம்பளி. அவர் விடும் குறட்டையைத் தாண்டி வேறு எந்தச் சத்தமும் அவர் காதுக்குப் போக வழியில்லை. எழுந்திருக்க நாலரை ஆகும்.

இரண்டிலிருந்து நாலரை வரை இரண்டரை மணி நேரம். ஜெயபாரதி அந்த ரிப்பேர் புத்தகத்தை முன்னுரையைத் தாண்டிப் படித்தாள். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் பக்கம். பௌதிகம் படித்தவளுக்கு அது நாவல் மாதிரி ஓடியது.

செய்கு முகம்மதுவின் கடைக்குப் பக்கத்துக் கராஜில் முனியசாமி என்று ஒரு மெக்கானிக் இருந்தான். அருப்புக்கோட்டைக்காரன். ரூமில் தானே சமைத்துத் தானே நொந்துகொண்டிருந்தவன். மத்தியான இடைவேளையில் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள் ஜெயபாரதி. ஹாலிதாவும் துணைக்கு வந்தாள்.

முதல் நாள் முனியசாமி பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். ஸ்பானர் பலகையைப் பார்த்தான்.

"அக்கா, இது என்ன, கோயிலா?"

"ஆமா. நீ ஆகவேண்டியதைப் பாரு."

பிளக்குகளைக் கழற்றி எட்டு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊற விட்டார்கள். கனமான வேலை முனியசாமிக்கு. நுணுக்கமான வேலை ஜெயபாரதிக்கு. கார்புரேட்டரைப் பிரித்து, மீன் கழுவுகிற மாதிரி ஒவ்வொரு துண்டாகப் பெட்ரோலில் கழுவினாள். ஹாலிதா புத்தகத்துப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் சீண்டாமல் செய்கு முகம்மதுவின் கடை மூலையில் கிடந்த பழைய உருப்படிகள் ஒவ்வொன்றாகப் பியூக்குக்குள் போயின. ஜனவரி கடைசியில் ஒரு நாள் என்ஜின் ஒரு தரம் இருமியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார்கள். உள்ளே குறட்டை சுருதி மாறாமல் போய்க்கொண்டிருந்தது. ஜெயபாரதி பானட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்தவளுக்கு ஏனோ கண்ணீரும் வந்தது.

நாலேகாலுக்குள் ஸ்பானர்கள் தங்கள் நிழல்களுக்குத் திரும்பிவிடும்.

ஜெயபாரதி பொய் சொல்லமாட்டாள். அது அவளுடைய கொள்கை. ஒரு நாள் உமாபதி, "விரல்ல என்னடி கறுப்பு?" என்று கேட்டார்.

"உங்க காரைத் தொட்டேன், ஒட்டிக்கிச்சு."

"தொடாதே. அதெல்லாம் பழகின கை தொடணும்."

"சரிங்க."

இன்னொரு நாள் அரபியில் அச்சடித்த ஒரு படிவத்தை நீட்டினாள். "இதுல வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாம்."

"என்னது இது?"

"கார் விஷயம்."

கார் விஷயம் என்றதும் உமாபதி பேனாவைத் திறந்துவிட்டார். எதைப் பற்றி என்று கேட்பது ஒரு கார் நிபுணருக்குக் கௌரவமாக இருக்காது. அது டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பம். காலையில் அவர் ஆபீசில் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ரோட்டில் வளைவு போட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. "நாலு பேரைக் கூப்பிட்டு உங்க பட்டறையைக் காட்டலாமே" என்றாள் ஜெயபாரதி. உமாபதிக்கு அந்த வார்த்தை காதிலேயே இனித்தது. அபு நாசர் வந்தார். செய்கு முகம்மது, ஹாலிதா, முனியசாமி எல்லாரும் வந்தார்கள். உமாபதி ஏப்ரனில் நின்று அரைமணி நேரம் விளக்கைப் பற்றிப் பேசினார்.

அபு நாசருக்குப் பொறுமை போயிற்று. "அச்சா, அச்சா. காடி ஸ்டார்ட் கரோ. யல்லா!" என்று காரைக் கிளப்பச் சொல்லி அவசரப்படுத்தினார்.

உமாபதி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பேர் முன்னால் சாவியைத் திருப்பாமல் இருக்க முடியாது. உள்ளே உட்கார்ந்தார். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டார். திருப்பினார்.

பியூக் உறுமியது. பிறகு ரவை வறுக்கிற மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

உமாபதி சாவியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். நாலு மாதமாக அவர் துடைத்த துடைப்புக்குக் கிடைத்த பலனா? வேறென்ன? அவரைத் தவிர யார் தொட்டார்கள்? நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது.

அபு நாசர் அவரைக் காரிலிருந்து இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "நீ செய்ததா? நீ ஒருவனே?"

"ஏதோ, என்னால முடிஞ்சது" என்றார் உமாபதி.

முனியசாமி இருமினான். ஜெயபாரதி அவன் கையில் காபி டம்ளரைக் கொடுத்தாள்.

"என்னங்க, பியூக் ஓடிருச்சு" என்றாள்.

உமாபதி தாராள மனநிலையில் இருந்தார். "போ, போ! தாராளமா வேலைக்குப் போ! ஆனா ஓட்டறது யாரு? எனக்கும் லைசென்ஸ் இல்ல, உனக்கும்..."

கைப்பையிலிருந்து அவள் லைசென்ஸை எடுத்தாள். போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்றாள் நன்றியோடு.

உமாபதி அதை விழுங்குவதற்குள் அபு நாசர் அவர் தோளில் கை போட்டார். ஜஹ்ராவில் தன் தம்பிகளிடம் இதே மாதிரி மூன்று கார்கள் மணலில் கிடக்கின்றன என்றார். நாளைக்கே லாரியில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னார். "உன் கையில் பரக்கத் இருக்கிறது, ஆண்டவன் அருள். நீ செய். கலாஸ், பேச்சு முடிந்தது!"

எல்லாரும் போனபின் உமாபதி மெல்லச் சமையலறைக்கு வந்தார்.

"ஜெயா, ஒண்ணு கேக்கறேன். அது எப்படி ஓடிச்சு?"

"ஏன், நீங்க செஞ்சதுன்னு சொன்னீங்களே?"

"விளையாடாதே."

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். எந்த நாளில் எந்தப் பாகம் என்பது வரை. உமாபதிக்குக் கோபம் வரவேண்டும். அதைவிட முதலில் வந்தது நிம்மதி.

"அப்ப அந்த மூணு காரையும் நீங்க மூணு பேருமே..."

"அடுத்த வாரம் ஸ்கூல்ல சேரணுங்க. பாடம் தயார் பண்ணணும்."

உமாபதி நேராக அபு நாசர் வீட்டுக்குப் போனார். அங்கேயே நின்று உண்மையை ஒப்புக்கொண்டார். நான் செய்யவில்லை, எனக்கு எதுவும் தெரியாது, வெறுமே துணியால் துடைத்தேன் என்றார். அபு நாசர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய கலைஞனுக்கு இப்படித்தான் அடக்கம் இருக்கும் என்று சொல்லி, பேரீச்சம்பழம் ஒரு கூடை கொடுத்தனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உமாபதி ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மூக்கின் மேல் எண்ணெய் சொட்டியது. "சார், அது பதினேழு இல்ல, பத்தொம்பது. இன்னொரு தரம் பலகையைப் பாத்துட்டு வாங்க" என்று முனியசாமி பொறுமையாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். முற்றத்தில் பியூக் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஜெயபாரதியும் ஹாலிதாவும் ஃபஹாஹீல் கடற்கரைக்குப் போகிறார்கள்.

"ஜெயா!" என்று அடியிலிருந்து குரல் கொடுத்தார். "நீயாவது அந்த மனுஷன்கிட்ட உண்மையைச் சொல்லேன்!"

ஜெயபாரதி கண்ணாடியை இறக்கினாள்.

"நேத்தே சொல்லிட்டேங்க. 'பொண்டாட்டிக்கே இவ்வளவு கத்துக்குடுத்திருக்கான்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளு'ன்னு, நாலாவது காரையும் அனுப்பறாராம்."