உடைந்த கோல்ஃப் மட்டைக்கு நானே பொறுப்பு

கணினித் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் கைவரும் வித்தை, "பிரச்சினை என் பக்கத்தில் இல்லை" என்று சொல்வது. நானும் அதில் தேறியவன்தான். என் கண்ணெதிரே நிரல் வெடித்துப் புகை வந்தாலும், "சர்வரைப் பாருங்க" என்று கைகாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்லி, என்னைப் பொறுப்பாளி ஆக்குங்கள் என்று கெஞ்சிக்கொண்டு அலைந்தேன். ஒருவரும் ஆக்கவில்லை.

அப்போது நான் குடியாத்தத்திலிருந்து பெங்களூர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பொம்மனஹள்ளியில் விடுதி, தொம்மலூரில் அலுவலகம். பக்கத்து இருக்கையில் வசுதா. மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சு தமிழில் தொடங்கும், மனசில் ஏதாவது பட்டுவிட்டால் கன்னடத்துக்குத் தாவிவிடும். அவளிடம் நான் அதுவரை பேசிய மிக நீளமான வாக்கியம், "சார்ஜர் இருக்குங்களா?" (என்னிடமே சார்ஜர் இருந்தது.)

அந்தச் சமயத்தில் எங்கள் குழுவைக் கோல்ஃப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒற்றுமை வளரும் என்று யாரோ மேலிடத்தில் நினைத்திருக்கிறார்கள். வசுதாவின் அப்பா ஓய்வு பெற்ற பொறியாளர், கோல்ஃப் பைத்தியம். அவருடைய பழைய மட்டைகளை ஒரு பையில் போட்டு அவள் கொண்டுவந்திருந்தாள். என் முறை வந்தபோது நான் மட்டையை உலக்கை மாதிரி பிடித்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்படி இல்ல சேகர், இங்க பாருங்க" என்று என் வலது கைச் சுண்டுவிரலை எடுத்து இடது கை ஆள்காட்டி விரல்மேல் வைத்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு பந்து எங்கே இருந்தது, மைதானம் எங்கே இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஓங்கி வீசினேன். ஏதோ ஒன்று விர்ரென்று பறந்தது. எங்கள் குழுத் தலைவர், "சூப்பர் ஷாட்!" என்று கைதட்டினார். குனிந்து பார்த்தால் பந்து வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பறந்தது மட்டையின் தலை. என் கையில் வெறும் கம்பி மட்டும்.

ஒரு கணம் திகில். அடுத்த கணம், நம்புங்கள், தாங்க முடியாத சந்தோஷம். அவள் அப்பாவின் மட்டையை உடைத்துவிட்டேன்! இனி அவளோடு பேச ஒரு விஷயம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஆனால் மைதானத்து மேற்பார்வையாளர் ஓடிப்போய்த் தலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பசை காஞ்சிடுச்சு சார். யார் அடிச்சிருந்தாலும் கழண்டிருக்கும். உங்க மேல தப்பே இல்ல" என்றார். வந்ததே எனக்கு ஆத்திரம். இவரை யார் கேட்டார்கள்?

"பழைய செட்டு சேகர், விட்ருங்க" என்றாள் வசுதா.

"எப்படிங்க விட முடியும்? என் கையிலதானே ஒடஞ்சுது? நானே நேர்ல வந்து உங்க அப்பாகிட்ட சொல்றேன்."

அவள் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரி, ஞாயித்துக்கிழமை வாங்க. காபி நல்லா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பியைச் செய்தித்தாளில் சுற்றி, தலையைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். நடத்துநர் பொட்டலத்தைச் சந்தேகமாகத் தட்டிப் பார்த்து, "ஏனு சார் இது?" என்றார். "கால்ஃப்" என்றேன். என் செருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, "கால்ஃபா? பஸ்ஸல்லி?" என்றவர், இறங்கும்வரை என்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

வசுதாவின் அப்பா தங்கமான மனிதர். எனக்கு நேர்ந்த சோதனையே அதுதான். உடைந்த இரண்டு துண்டுகளையும் மேஜையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"இங்க பாருப்பா, பசை பூரா பொடிப்பொடியா இருக்கு. இது தானா கழண்டது. ஆட்டத்துல அதுபாட்டுக்கு ஒடஞ்சா ஆடினவன் பொறுப்பே இல்ல. அதான் மொறை."

"இல்ல சார், நான்தான்..."

"அட, நீ எதுக்குப்பா வருத்தப்படறே? கோபத்துல தரையிலயோ மரத்துலயோ அடிச்சு ஒடச்சாத்தான் அவன் பொறுப்பு. நானே சாயங்காலம் ஒட்டிடுவேன். நீ நிம்மதியாப் போய்ட்டு வா."

வழக்கு தள்ளுபடி. காபி வந்ததும் குடித்துவிட்டுப் பேருந்து ஏற வேண்டியதுதான். இந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் தம் வாயாலேயே ஒரு வழியைக் காட்டியிருந்தார். யோசிக்காமல் அதில் விழுந்தேன்.

"கோபத்துலதான் சார் ஒடச்சேன்."

பூதக்கண்ணாடி நின்றது. "என்னது?"

"பந்து போகல. கோபம் வந்துடுச்சு. தரையில ஓங்கி அடிச்சுட்டேன்."

"ஒரு பந்து போகலைன்னா?"

"ஆமா சார். கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. அதனால நானே எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணி அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்." (விடுதியில் உப்பில்லாத உப்புமாவை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் தின்றவன் நான்.)

அவர் தம் நாற்காலிக்கு இந்தப் பக்கம் இருந்த மற்ற மட்டைகளின் பையை மெல்ல இழுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், கதவருகே காபித் தட்டோடு வசுதா நின்றிருந்தாள்.

காபி நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை. "காலைல எழுந்து மூச்சுப் பயிற்சி பண்ணுப்பா, கோபம் தணியும்" என்று அவர் அக்கறையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். மட்டையைத் தரவில்லை.

வெளிக் கதவு வரைக்கும் வசுதா வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள் அதைத் திறக்காமல் நின்றாள்.

"நான் பக்கத்துலயேதானே இருந்தேன்? நீங்க கோபப்படவே இல்லையே. ஏன் சேகர் அப்பாகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவள் அவசரப்படவும் இல்லை. தெருவில் ஒரு பூக்காரர் கூவிக்கொண்டே போய், மூலை திரும்பி, அவர் குரல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"இல்ல... பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்லங்க" என்றேன்.

"அஷ்டேனா?" என்றாள். அவ்வளவுதானா என்று. எனக்கு அப்போது தெரிந்த கொஞ்சநஞ்சக் கன்னடத்தில் அந்தச் சொல் நன்றாகவே அடக்கம்.

"அஷ்டே" என்றேன்.

அவள் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தோம். மரியாதையாகப் பேசினாள். கொஞ்ச நாளில் வேறு கிளைக்கு மாற்றிக்கொண்டு போனாள். காலியான அந்த நாற்காலியை அடுத்து வந்தவர் உயரம் மாற்றி உட்கார்ந்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அவள் திருமணத்துக்குப் போயிருந்தேன். மேடையில் அவள் அப்பா என் தோளைத் தட்டி மாப்பிள்ளையிடம் அறிமுகப்படுத்தினார்: "சேகர். கொஞ்சம் கோபக்காரர், ஆனா ஒளிக்கமாட்டார்." வசுதா என்னைப் பார்க்காமல் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். மல்லேஸ்வரம் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் இன்றைக்கும் நான் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் போவேன். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை பிரசித்தம். கல்யாணமான புதிதில் நானே ஒரு பலவீனமான நேரத்தில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மிக்ஸி மூடி விரிசல் விட்டாலும், பக்கெட் கைப்பிடி கழன்றாலும், "அப்பாதான், கோபத்துல ஒடச்சிட்டாரு" என்று தீர்ப்பு வந்துவிடும். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் காபியோடு கதையும் உண்டு. நடத்துநர் பங்கை என் மகள் நடித்தே காட்டுவாள்.

போன வாரம் அப்படி நடித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு மகள் திடீரென்று கேட்டாள்: "ஆமாப்பா, செய்யாத தப்பை நீ எதுக்குச் செஞ்சேன்னு சொன்னே?"

வழக்கம்போல, "பொறுப்புன்னு ஒண்ணு..." என்று இழுத்தேன். சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "வேற எதுக்கு? அந்தப் பொண்ணை மறுபடியும் பாக்கணும்னுதான்."

கடுகு வெடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு அன்று தெரியவில்லை.