பென் டிரைவில் வந்த ஆறு பாட்டு

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை, மதியம்.

மரியாதைக்குரிய மச்சான் சாம்சன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பரிபூரணத்தின் கணவன் வைகுண்டராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கோவில்பட்டியில் நீங்களும் அக்காவும் கர்த்தர் கிருபையில் இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், என் மூலத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை உங்களுக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்துக் குடும்பக் குரூப்பில் போட்டதும், அதற்கு நாற்பத்திரண்டு பேர் கைகூப்பியதும் உங்களுக்கே தெரியும். இது அதைவிடப் பெரிய ரகசியம். ஆகவே தபால்தான்.

விஷயம் நம் ஹெப்சிபா. உங்கள் மருமகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். வேலை நேரம் போக மீதி நேரத்தில் மூன்று பையன்களோடு சேர்ந்து ராக் பாட்டுக் குழு வைத்திருக்கிறாள். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த பிள்ளைதானே என்று நானும் விட்டுவிட்டேன். ராக் என்றால் சத்தம் என்பதுதான் என் எண்ணம். இவள் ஒரு நாள், "இது கதை சொல்லுத ராக்குப்பா. ஆல்பம் பூராவும் ஒரே கதை. ஒவ்வொரு பாட்டும் ஒரு அத்தியாயம் மாதிரி. கான்செப்ட் ஆல்பம்னு சொல்லுவாவ" என்றாள். நல்லதும்மா என்றேன். என்ன கதை என்று கேட்காமல் போனேன் மச்சான், அதுதான் நான் செய்த முதல் தப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் அந்த ஆல்பத்தை மேடையேற்றுகிறார்கள். நம் சபை ஆட்கள் பாதிப்பேர் வருகிறார்கள். போய்க் கூப்பிட்டதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் குழுவில் டிரம்ஸ் அடிக்கிற பாலகணேஷ் என்பவன் வீட்டுக்கு வந்தான். தலையில் கொண்டை போட்டிருந்தான். என் தலையில் இருப்பதைவிட நிறைய முடி என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, "ஹெப்சி குடுக்கச் சொன்னா அங்கிள்" என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் என்னோடு மில்லில் வேலை பார்த்த கருத்தையா மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். நானும் உங்கள் தங்கையும் காரில் புறப்பட்டோம். போகிற வழியில் கேட்டுவிடலாம் என்று அந்த பென் டிரைவைக் காரிலுள்ள பாட்டு செட்டில் சொருகினேன். அதுவாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பாட்டையும் பாடியது. சின்னத் திரையில் பாட்டின் பெயரும் வந்தது. மச்சான், நான் பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஒரு மகளைப் பெற்ற சாதாரணத் தகப்பனாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது என் குடும்பமே குலைந்துபோயிருந்தது.

முதல் பாட்டு 'ஆராரோ'. எடுத்த எடுப்பில் குழந்தை பிறந்திருக்கிறது. பாடுவது நம் பிள்ளையின் குரல், 'நான் பெற்றேன், நான் பெற்றேன்' என்று பாடுகிறாள். குழந்தையின் மாமன் வந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறானாம். ஹெப்சிபா பிள்ளைக்கு மாமன் என்றால் அது அவள் அண்ணன், நம் ஜெபின்தானே, வேறு யார்? இரண்டாவது பாட்டு 'கதவு'. குழந்தையை ஏந்திய அதே அண்ணன் இப்போது அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறான். மூன்றாவது 'கையெழுத்து'. ஓர் ஆபீஸ், ஓடாத மின்விசிறி, இரண்டு சாட்சி, இரண்டு கையெழுத்து, யார் முகத்திலும் சிரிப்பில்லை. பிள்ளையும் பிறந்து, பிறந்த வீட்டுக் கதவும் சாத்தியபிறகு யாராவது கல்யாணப் பதிவா செய்வார்கள்? விவாகரத்துதான். நான்காவது 'நனைந்த சட்டை'. மழையில் ஒருவன் நனைந்துகொண்டு நிற்கிறான், இவள் தன் குடையை அவனிடம் கொடுக்கிறாள், அவன் இவள் பெயரைக் கேட்கிறான். பெயரையே இப்போதுதான் கேட்கிறான் என்றால் இவன் வேறு ஆள், இரண்டாமவன். ஐந்தாவது 'பஸ் ஸ்டாண்டு'. அந்த இரண்டாமவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. ஒரு துணிப்பையோடு மூன்று மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். வந்தானா என்று பாட்டு சொல்லவே இல்லை, கிட்டார் மட்டும் அழுதுகொண்டே போய் நின்றுவிடுகிறது. ஆறாவது 'வைண்டிங்'. மில்லில் நூல் சுற்றுகிற வேலைக்குப் போகிறாள். பஞ்சு பறந்து இமையில் உட்காருகிறது, அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அத்தோடு கதை முடிந்தது. இன்ஜினியரிங் படித்த பிள்ளை, மச்சான்.

உங்கள் தங்கை வழிநெடுகப் பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதே வைண்டிங் வேலையை நான்கு வருடம் பார்த்தவள் அல்லவா, அந்தப் பாட்டு ஓடும்போது இரண்டு விரலால் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ஆராரோவ இன்னொரு தடவ போடுங்க" என்றாள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து செட்டையே அணைத்துவிட்டேன்.

கல்யாண வீட்டில் நான் நானாக இல்லை. மணமக்களை ஆசீர்வதிக்கப் போனவன் விம்மி விம்மி அழுதுவிட்டேன். கருத்தையா, "எம் மவ மேல இம்புட்டுப் பாசமாய்யா ஒமக்கு" என்று அவரும் சேர்ந்து அழுதார். அந்தப் பெண்ணிடம், "எந்த ஆபீஸ்ல கையெழுத்து போடச் சொன்னாலும் படிச்சுப் பாத்துட்டுப் போடு தாயி" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் தகப்பனார் அதற்கப்புறம் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் போய், ஓசூரில் இருக்கிற ஜெபினுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல், "ஏலே, கதவச் சாத்துனது நீதானா?" என்றேன். "ஆமாப்பா, நான்தான். நல்லா அமுக்கிச் சாத்திட்டுப் பூட்டும் போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான். "ஒனக்கு எப்படிலே மனசு வந்துச்சு?" "தெறந்து போட்டா நாய் உள்ள வந்துரும்லாப்பா" என்கிறான். கூடப் பிறந்தவளைப் பார்த்து. என் கையிலிருந்து போன் நழுவிவிட்டது. கண்ணாடி உடைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அதோடு விட்டிருக்கலாம். மனது கேட்காமல் உடைந்த போனிலேயே ஹெப்சிபாவைக் கூப்பிட்டேன். கோபப்படக்கூடாது என்று வைராக்கியமாக, "குழந்த எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். "அம்மா சொல்லிட்டாவளா? நான் அப்படித்தாம்ப்பா சொல்லுதது. நல்லா இருக்கு. ஒரே சத்தந்தான்."

"எத்தன மாசம் ஆச்சு?"

"பதினாலு மாசம்."

"இப்ப யாருகிட்ட இருக்கு?"

"பாலகணேஷ்கிட்ட. அவன்தான் தூங்காம கொள்ளாமப் பாக்கான். ஞாயித்துக்கிழம மேடையில எல்லாருக்கும் காட்டிருவோம்ப்பா."

பதினாலு மாதம், மச்சான். என் வீட்டில் உட்கார்ந்து மூன்று தோசை தின்றவனிடம் என் பேரப்பிள்ளை. அதையும் ஞாயிற்றுக்கிழமை மேடையில் காட்டப்போகிறார்களாம், சபை ஆட்கள் முன்னால். இவன் முதலாமவனா இரண்டாமவனா என்று இரண்டு நாளாகக் குழம்பிக் கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கையானால் ஒன்றும் நடக்காததுபோல ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் அந்த பஸ் ஸ்டாண்டு பயல்மேல்தான். வயசுப் பெண்ணை வரச் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் நடுத்தெருவில் நிறுத்துகிறவன் மனுசனா? சொந்தக் குடைகூட இல்லாதவனுக்குக் காதல் ஒரு கேடா? பெண்ணைப் பெற்ற வீட்டின் பாடு அவனுக்கு என்ன தெரியும்? அவனை எதிரில் பார்த்தால் சட்டையைப் பிடித்து நாலு அறை விடாமல் நான் ஓயமாட்டேன். நமக்குள்ளும் தொண்ணூற்றாறில் ஒரு கசப்பு உண்டு. நீங்கள் மூன்று வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம். அது வேறு, இது வேறு.

ஆகையால், நீங்கள்தான் தாய்மாமன். உங்கள் சொல்லுக்குத்தான் அந்தப் பிள்ளை கொஞ்சமாவது பயப்படும். இந்தக் கடிதத்தைக் கண்டதும் பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வந்துவிட வேண்டும். மேடை ஏறுவதற்கு முன்னால் நாம் இரண்டுபேரும் அவளிடமிருந்து உண்மையை வாங்கிவிடுவோம். குழந்தையை நான் கைவிடமாட்டேன், அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். ஆணோ பெண்ணோ, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

ஆண்டவர் உங்கள் முழங்காலுக்குப் பலமும் உங்கள் வீட்டுக்குச் சமாதானமும் தரட்டும். அதில் மிச்சம் இருந்தால் எங்கள் வீட்டுப் பக்கமும் அனுப்பிவைக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத,
வைகுண்டராஜ்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, இரவு. தபால்தலை வாங்க நான் போனபோதெல்லாம் தபாலாபீஸ் சாத்தியிருந்தது. அதனால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. மேலே எழுதியது எல்லாம் தப்பு மச்சான், உங்கள் முழங்காலைத் தவிர.

மண்டபத்தில் ஹெப்சிபா மைக்கைப் பிடித்ததும், "மொத்தம் ஆறு பாட்டு. வரிச மாறுனா கத மாறிப்போவும். அதனால நடுவுல யாரும் எந்திரிச்சுப் போவாதீக" என்றாள். எடுத்தவுடனே 'வைண்டிங்' பாடினாள். கடைசிப் பாட்டை ஏன் முதலில் பாடுகிறாள் என்று நான் நெளிந்தேன். அடுத்து நனைந்த சட்டை. அதற்கடுத்து பஸ் ஸ்டாண்டு. மில்லில் நூல் சுற்றுகிற பெண், மழையில் குடை, பஸ் ஸ்டாண்டில் துணிப்பை என்று வரிசையாக வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது ஹெப்சிபா கதை இல்லை. உங்கள் தங்கை கதை. அந்தப் பயல் நான். காரில் இருக்கிற செட்டு அகர வரிசையில் பாடுமாம். அதற்கு ஆனா ஆவன்னா தெரியும், கதை தெரியாது. பதினாலு மாதமாக வளர்ந்த குழந்தை இந்த ஆல்பம்தான்.

எனக்குப் பின்வரிசையில் ஒருவர், "எவன்யா அவன், பொம்பளப் புள்ளய மூணு மணி நேரம் நிறுத்துனவன்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையில் இரண்டே முக்கால் மணி நேரம்தான். நான் வந்த சாத்தூர் பஸ் பஞ்சர். அதை ஏன் பாட்டில் சேர்க்கவில்லை என்று மகளிடம் பிறகு கேட்டேன். "பஞ்சர் வந்தா பாட்டு படுத்துரும்ப்பா" என்றாள். அந்தப் பயலைப் பற்றி மேலே எழுதிய ஏச்செல்லாம் தொண்ணூற்றாறிலேயே நீங்கள் என் முகத்துக்கு நேரே சொன்னவை. ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நாலாவதாகக் 'கையெழுத்து' வந்தபோது அது எங்கள் கல்யாணமாகவே இருந்தது. ஐந்தாவது 'கதவு'. சாத்தியது ஜெபின் இல்லை, நீங்கள். அவன் போனில் சொன்னது அவனுடைய ஓசூர் வீட்டுக் கதவையாம். ஆனால் காரில் நான் சரியாகக் கேட்காத ஒரு வரி அதில் உண்டு. கதவைச் சாத்திய அண்ணன் உள்ளே போகவில்லை, அவன் காலின் நிழல் கதவுக்கு அடியில் வெகுநேரம் அசையாமல் தெரிந்தது என்று பாடுகிறாள். இது நெசந்தானா என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். "நானும் அதப் பாத்துக்கிட்டேதான் வெளிய நின்னேன்" என்றாள். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. உங்களிடம் கேட்டதும் இல்லை.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்து, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "இத அப்படியே அனுப்புங்க. எங்க அண்ணன் படிக்கட்டும்" என்று கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் கோவில்பட்டியிலும் பாடுகிறார்கள். அவசியம் போய் முன்வரிசையில் உட்காருங்கள். ஐந்தாவது பாட்டில் எழுந்து போய்விடாதீர்கள், மச்சான். ஆறாவதில் நீங்கள் வந்து பிள்ளையை ஏந்திக்கொள்கிறீர்கள்.