மாப்பிள்ளை வேண்டாம் என்ற சாவி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் குனிந்த தலையோடு எழுதிக்கொள்வது. இங்கே என் மானத்தைத் தவிர மற்ற எல்லாம் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று உங்கள் அத்தை கேட்கிறாள். இருந்தாலும் விசாரிக்கிறேன். இதைக் காகிதத்தில் எழுதக் காரணம் உண்டு. காகிதத்தை ஒரே தட்டில் நாற்பது பேருக்கு அனுப்பிவிட முடியாது.

ஓய்வு பெற்று, வேலையில்லாமல், செய்தித்தாளில் பிழைகளைத் தேடிச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டிருந்தவன் நான். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "மாமா, எங்க கம்பெனியில பாடப்புத்தகம் திருத்த ஆள் வேணும், வீட்லேர்ந்தே பண்ணலாம்" என்று சொல்லி, மேலாளரிடம் நீங்களே பொறுப்பேற்று வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். பக்கங்கள் அலுவலகக் கணினியில் இருக்கின்றன, வீட்டிலிருந்து அதற்குள் நுழைய ஒரு ஜோடிச் சாவி வேண்டும் என்றீர்கள். அந்த ஜோடியை நானே உருவாக்கிக்கொள்ளும்படி சின்னதாக ஒரு நிரலும் எழுதி அனுப்பினீர்கள். அதை ஓட்டினேன். கறுப்புத் திரை ஒரு ரகசியச் சொல்லைக் கேட்டது. தட்டினால் ஒரு எழுத்தும் விழவில்லை. விசைப்பலகைதான் செத்துவிட்டது என்று அதைக் கவிழ்த்துத் தட்டி, தூசியை ஊதி, உங்கள் அத்தையைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லி, அவளும் "எனக்கும் ஒண்ணும் விழலைங்க" என்று கையை விரித்து, கடைசியில் உங்களுக்குப் போன் போட்டேன். "அது அப்படித்தான் மாமா. பக்கத்துல நிக்கிறவங்க பார்த்துடக் கூடாதுன்னு காட்டாது" என்றீர்கள். அந்த நிமிடமே நான் இந்த வேலையிலிருந்து கழன்றுகொண்டிருக்க வேண்டும்.

எப்படியோ இரண்டு சாவிகளும் பிறந்தன. பொதுச்சாவி ஒன்று, தனிச்சாவி ஒன்று. நீங்களும் பொறுமையாகத்தான் விளக்கினீர்கள். "பொதுச்சாவி பேருக்குத்தான் சாவி மாமா. அது பூட்டு மாதிரி. அதை எங்க கம்ப்யூட்டர்ல மாட்டிடுவோம், யார் பார்த்தாலும் பரவாயில்லை. அதைத் திறக்கிறது தனிச்சாவி. அது உங்க லேப்டாப்பை விட்டு எங்கேயும் போகக் கூடாது. எனக்குக்கூட வேணாம்." போனில் தெரியாது என்பதை மறந்து நான் தலையை ஆட்டினேன். பொதுச்சாவியை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மறுநாளே கதவு திறந்தது. ஒரு வாரம் ராஜா மாதிரி உள்ளே போய் வந்தேன்.

ஆனால் "எனக்குக்கூட வேணாம்" என்றீர்களே, அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்றால் இன்னும் ஒரு கரண்டி வைக்க வேண்டும், இதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் அதற்கும் மேலே போனாள். "ஏங்க, யார் வேணா பார்க்கலாம்கிறதை மாப்பிள்ளைக்குக் கொடுத்துட்டு, நல்லதை நாமளே வெச்சுக்கிட்டா அவர் என்ன நெனப்பாரு? வேணாம்னுதான் சொல்வாரு, நாமதான் பார்த்துக் கொடுக்கணும். தனியா கொடுத்தா சம்பந்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. குடும்பக் குழுவிலேயே போட்டுடுங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தனிச்சாவியைத் திறந்து, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்த அத்தனை எழுத்துகளையும் எடுத்துக் குழுவில் போட்டேன். "மாப்பிள்ளைக்கு, எங்கள் அன்புடன்" என்று மேலே எழுதினேன். மாப்பிள்ளைக்குக் கொடுப்பதைப் பூட்டியா கொடுப்பது என்று, ரகசியச் சொல்லையும் கீழே எழுதினேன்.

சம்பந்தி "அருமை" என்று போட்டுக் கும்பிடு ஒன்றும் வைத்தார். உங்கள் சித்தி "ஒண்ணும் புரியல, ஆனா நல்லாருக்கு" என்று பாராட்டி, தன்னுடைய நடைப்பயிற்சிக் குழுவுக்கும் அனுப்பிவைத்தார்கள். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் போன் வந்தது. "மாமா, எதையும் தொடாதீங்க. ரெண்டு கையையும் எடுத்து மடியில வைங்க." சாயங்காலம் வரை எடுக்கவில்லை. அதற்குள் உங்கள் அலுவலகத்தில் எல்லாக் கதவுகளையும் சாத்தி, எல்லோரையும் வெளியே நிறுத்தி, யாராவது அந்தச் சாவியால் உள்ளே வந்தார்களா என்று தேடியிருக்கிறார்கள். அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் நின்றுபோயிருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவன் நான். அடுத்த மாதம் உங்களுக்குத் தலைமைப் பொறுப்பு வரப்போகிறது என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து இப்படிச் செய்துவைத்தேனே. நேற்று நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள். பழைய ஜோடியை அழித்து, புது ஜோடி செய்து கொடுத்து, காபி குடித்து, "அந்தச் சாவி உங்ககிட்டயே பத்திரமா இருந்தா அதுதான் மாமா எனக்கு மரியாதை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ராத்திரி எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மேலாளர் கேட்டால் தயங்காமல் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். என்னால் உங்கள் பெயர் கெடக் கூடாது. இனிமேல் உங்களைக் கேட்காமல் யாருக்கும் ஒரு எழுத்துகூட அனுப்ப மாட்டேன். இது உறுதி.

நீங்களும் மகளும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக என்னால் எந்தக் குறையும் இல்லாமல், நீடூழி வாழ வேண்டும். சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம். நேரில் சொல்லத் தைரியம் வரும்வரை நீங்களே சொல்லிவையுங்கள்.

வெட்கத்துடன்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் ஆபீஸ்ல உங்க பேரையே எடுக்கல. தப்பு தன்னோடதுன்னு அவரே ஏத்துக்கிட்டாரு. அந்தப் பொறுப்பை வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லவே வேணாம்னாரு" என்றாள். இத்தனையையும் மனசுக்குள் வைத்துக்கொண்டா நேற்று என் எதிரில் சிரித்த முகமாகக் காபி குடித்தீர்கள்? இதற்குப் பிறகும் சும்மா இருந்தால் நான் மனுஷனா? உங்களைக் கேட்டால் வேண்டாம் என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, மேலாளருக்கும், எல்லோருக்கும் உண்மை தெரியட்டும் என்று அலுவலகம் மொத்தத்துக்கும் இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன். வெறும் வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள்? சாவி என்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. பழையதை அழித்துவிட்டோம், ஆகவே புதிய தனிச்சாவியை இணைத்திருக்கிறேன். மேலாளர் இன்னும் பதில் போடவில்லை. உங்களிடமாவது சொல்லலாம் என்று கூப்பிட்டால், உங்கள் போன் விடாமல் வேறு அழைப்பிலேயே இருக்கிறது.