எட்டாவது பாட்டில் என் மிக்ஸி

பட்டுக்கோட்டையில் கரண்ட் ஆபீஸைவிட அதிகமாக வோல்டேஜைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர், எங்கள் கீழ்வீட்டு வோல்டேஜ் அண்ணன்தான். துபாயில் ஏழு வருடம் ஏ.சி. மெக்கானிக். ஊரார் தங்கத்தோடு திரும்ப, இவர் குமிழும் ஒயருமான ஒரு பழைய சிந்தசைசர் இசைப்பெட்டியோடு வந்தார். பக்கத்துத் தெரு ஜமீலா அக்காவைப் பாடவைத்து, இருவருமாக முதல் ஆல்பம் போடுவது லட்சியம். எட்டுப் பாட்டு, எட்டும் இருட்டு. காதல் பாட்டைக்கூட அக்கா இரங்கல் செய்தி போலத்தான் பாடுவார்.

சிக்கல், பின்பக்கத் தென்னந்தோப்பு. அங்கே மோட்டார் ஓடினால் எங்கள் ஃபேன் தளரும்; அண்ணனின் இசைப்பெட்டியில் சுருதி இறங்கும். உடனே தோப்புக்காரரிடம் ஓடுவார்.

“அண்ணே, கொஞ்சம் மோட்டாரை நிறுத்துங்க. பாட்டு கீழ போகுது.”

“எனக்குத் தண்ணியே மேல வரல, நீ வேற!”

எனக்கும் உத்தரவு வந்தது: பாட்டுப் பதிவின்போது மிக்ஸி கூடாது. ஃப்ரிட்ஜ் ஓடலாமா என்று இறங்கிப்போய்க் கேட்டேன். அவர் அரை நிமிடம் யோசித்ததில் எனக்குப் பால் புளித்துவிடும் பயமே வந்துவிட்டது.

எட்டாவது பாட்டு மட்டும் பாக்கி. மறுநாள் ஜமீலா அக்கா கணவரிடம் மஸ்கட் போகிறார். விட்டால் மூன்று வருடம். தோப்புக்காரர் மனமிரங்கி, மூன்று மணியிலிருந்து பத்து நிமிடம் மோட்டாரை நிறுத்தினார்.

கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு. என் எட்டு மாத மகள் பசியில் அலறினாள். வெந்த கேரட்டை மிக்ஸியில் போட்டுச் சுற்றினேன். தடுப்பூசிக்குத் தாமதமாகிவிடக் கூடாதென்று அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்ததே நான்தான் என்பது, சுற்றிய பிறகு உறைத்தது.

கீழே பாட்டு, கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கியது. அக்கா அசராமல் கூடவே இறங்கினார். நான் குழந்தையோடு அழுதுகொண்டே ஓடினேன்.

“அண்ணே, மன்னிச்சிடுங்க, கடிகாரம்...”

“பாப்பாம்மா, பேசாதீங்க. அந்த இறக்கம்தான் இந்தப் பாட்டுக்கு வேணும். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. கடைசி வரிக்கு ஒட்டடைக் குச்சியால சீலிங்கைத் தட்டுவேன். மறுபடி போடுங்க. ரெண்டுல வைங்க!”

“எனக்கு நாளைக்கு ஃப்ளைட்டு. கேரட்டோட பாடணும்னாலும் இப்பவே பாடிடுறேன்,” என்றார் அக்கா.

மேலே ஓடினேன். அண்ணன் தட்டினார். போட்டேன். பாட்டு அழகாக மூழ்கியது.

ஆல்பத்தில் அவர்கள் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், ‘மிக்ஸி: பாப்பாம்மா’. நான் எம்.எஸ்சி. என்பதைச் சொல்லியிருக்கலாம்.

போன மாதம் அண்ணன் வீட்டைக் காலி செய்துவிட்டார். இனி எந்நேரமும் அரைக்கலாம். ஆனாலும் மிக்ஸியை இரண்டில் வைக்குமுன், தரைக்கடியில் அந்தக் குச்சி தட்டும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.