பத்து விரல் நேர்ச்சை

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம். புளிச்சாறில் வெந்த மீன் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை நடுவழியில் நிறுத்தி, என் கணவர் ஆர்னெல் ஒரு பிரகடனம் செய்தார்.

"மரிவிக், நான் இடுப்புல துப்பாக்கி வச்சுக்கப் போறேன்."

மீன் கரண்டியிலிருந்து வழுக்கிக் கிண்ணத்துக்குள் குதித்தது. செத்த மீனுக்கே இந்தப் பயம் என்றால் என் கதியை நினைத்துப் பாருங்கள்.

"எந்த இடுப்புல?" என்றேன்.

நியாயமான கேள்விதான். இந்த லாஸ் குரூசெஸ் ஊருக்கு வந்து ஆறு வருடம் சாப்பிட்டதில் அவருக்கு இடுப்பு என்று தனியாக ஒன்றும் மிச்சமில்லை. மார்புக்குக் கீழே முழங்கால்வரை ஒரே மாநிலம்.

"சிரிக்காத. கோர்ட்டு தீர்ப்பு வந்தாச்சு. குடியுரிமை இல்லாட்டி என்ன, கிரீன் கார்டு இருந்தாப் போதும். மறைச்சு வச்சு எடுத்துட்டுப் போற பெர்மிட்டை நமக்கும் குடுத்தாகணும். நமக்கும்! அன்னிக்கு அந்தக் கவுன்டர்ல என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. நான்கு வருடம் முன்பு அவருடைய விண்ணப்பத்தை, 'குடிமக்களுக்கு மட்டும்' என்று ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார்கள். அன்றைக்கு வீட்டு வாசலுக்கு வந்தும் அரை மணி நேரம் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததாக இன்றுவரை சொன்னதில்லை.

ஆகவே உரிமையில் எனக்கு மறுப்பே இல்லை. உரிமை வரட்டும், மாலை போட்டு வரவேற்போம். என் பயமெல்லாம் அதன் கூடவே வரும் சாமானைப் பற்றித்தான். காரணம், ஜிங்ஜிங்.

ஜிங்ஜிங் எங்கள் மகள். இரண்டரை வயது. அவள் திறக்காத பொருள் இந்த உலகத்தில் இன்னும் செய்யப்படவில்லை. குழந்தைகளால் திறக்க முடியாது என்று எழுதிய மருந்துப் புட்டியை அவள் அப்பாவுக்குத் திறந்து கொடுப்பதே அவள்தான்.

"ஜிங்ஜிங் எடுத்துட்டா?" என்றேன்.

"அதுக்குத்தான் பூட்டு! நீளக் கம்பி வச்ச பூட்டு, பக்கத்து வீட்டு வாரன் குடுத்திருக்காரு." வாரன் பால் வாங்கப் போனாலும் துப்பாக்கியோடு போகிற நல்ல மனிதர். "இப்பவே சமையல் தொட்டிக்குக் கீழ இருக்கிற அலமாரில மாட்டிக் காட்டறேன். நாளைக்கு துப்பாக்கிப் பெட்டிக்கும் இதே பூட்டுதான். யானை வந்தாலும் திறக்க முடியாது."

யானையைப் பற்றி யார் கேட்டார்கள்?

மாட்டினார். ஜிங்ஜிங் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு, ஒரு பொறியாளரின் கவனத்தோடு அவர் மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னை வளர்த்தது எங்கள் சொந்த ஊரான இலோயிலோவின் கன்னியர் மடப் பள்ளிக்கூடம். அங்கே அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. "ஆகட்டும் சிஸ்டர்" என்பதுதான் முதல் பாடம். சொல்லிவிட்டு, நடக்க வேண்டியதை வேறு வழியில் நடத்திக்கொள்வது இரண்டாம் பாடம். அது பாடத்திட்டத்தில் கிடையாது, ஆனால் எல்லோரும் தேறினோம்.

"ஆகட்டுங்க," என்றேன்.

எங்கள் வீட்டில் எந்தப் படிவமும் என் கையால்தான் பூர்த்தியாகும். சிஸ்டர்கள் பழக்கிய எழுத்து, அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் 'நீங்கள் இந்நாட்டுக் குடிமகனா?' என்ற கட்டம் வந்தால் மட்டும் நேரே பேனாவை எடுக்க மாட்டேன். அதில் தெரியாத்தனமாக 'ஆம்' என்று ஒரு கோடு விழுந்தால் போதும், பெட்டி படுக்கையோடு மூன்று பேரும் விமானம் ஏறவேண்டியதுதான். அதனால் முதலில் பென்சிலால் ஒரு தடவை. பிறகு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். அப்புறம்தான் பேனா. 'இல்லை.' 'இல்லை.' 'இல்லை.' ஆறு வருடமாக இந்த நாட்டுக்கு நான் எழுதிய கடிதமெல்லாம் இந்த ஒரே வார்த்தைதான்.

படிவத்தில் பொய் எழுதி அவரைத் தடுக்கலாமா? படிவத்தில் பொய் கிடையாது. செத்தாலும் கிடையாது.

அப்போதுதான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. எறும்பு எழுத்து. கிரீன் கார்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் படிக்காத எழுத்து. கைரேகை எடுக்க வருமுன் பத்து நாட்களுக்கு இரும்பு நாரால் பாத்திரம் தேய்க்காதீர்கள், எலுமிச்சை, காரமான சோப்பு, பிளீச்சிங் தூள் தொடாதீர்கள், ரேகை தேய்ந்துவிடும்.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அதைத் தலைகீழாகப் படித்தேன்.

அந்த வாரம் குழந்தை இயேசு சொரூபம் எங்கள் வீட்டுக்கு வரும் முறை. ஊரிலிருக்கும் பிலிப்பினோ குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ஒன்பது நாள் தங்கும். தினம் சாயங்காலம் இருபது பேர் ஜெபமாலைக்கு வருவார்கள், நாற்பது பேர் சாப்பாட்டுக்கு வருவார்கள்.

"ஏங்க, உங்க பெர்மிட்டுக்காக ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா?"

"ஒன்பது நாளும் காகிதத் தட்டு கிடையாது. எல்லாம் பீங்கான், எல்லாம் பித்தளை. வீட்டு ஆம்பளை தன் கையாலயே தேய்ச்சுக் கழுவணும்."

"அவ்வளவுதானே? குடு அந்த நாரை!"

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் துணியைவிடக் கடினமாக எதையும் தொட்டதில்லை. அவர் அம்மா கல்யாணத்தன்று என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம், "என் பையனுக்குத் தண்ணி ஒத்துக்காது." அந்தப் பையன் முழங்கைவரை நுரையில் நின்று, சாமி பாட்டுப் பாடிக்கொண்டு தேய்த்தார். மீன் வாடைக்கு எலுமிச்சை கொடுத்தேன். கறைக்குத் தூள் கொடுத்தேன். உரிமையை நினைத்துத் தேய்த்தார், அந்தக் கவுன்டரை நினைத்துத் தேய்த்தார். குழம்புச் சட்டியின் அடியில் அதை வாங்கிய நாளிலிருந்து காணாத ஒரு கம்பெனியின் பெயர் தெரிந்தது.

மூன்றாம் நாள் மட்டும், "கை எரியுதே, கையுறை ஏதாவது இருக்கா?" என்றார்.

"நேர்ச்சைக்கு யாராவது கையுறை போடுவாங்களா?" என்றேன். கேள்விக்குப் பதில் கேள்வி. பொய்யில்லை, கவனியுங்கள்.

இருந்தாலும் மனசு உறுத்தியது. சனிக்கிழமை என் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் எஸ்கிவெல்.

"ஃபாதர், என் புருஷனோட கைரேகையை அழிச்சுட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "எ... எதை வச்சும்மா?"

"இரும்பு நார். எலுமிச்சை."

"பாத்திரமா தேய்க்கிறாரு?"

"ஆமா ஃபாதர்."

"நல்லாத் தேய்க்கிறாரா?"

"முகம் பார்க்கலாம் ஃபாதர்."

"உன் நேர்ச்சை உண்மையான நேர்ச்சையா?"

"உண்மைதான் ஃபாதர். 'அவர் தேய்க்கட்டும், பெர்மிட் எது நல்லதோ அப்படி ஆகட்டும்'னுதான் நேர்ந்தேன்."

ஃபாதர் தொண்டையைச் செருமினார். "மூணு தடவை அருள் நிறைந்த மரியே சொல்லு. அப்புறம்... தவக்கால வெள்ளிக்கிழமைல மீன் பொரிக்கிற நம்ம கோயில் கடாய் நாலு கறுத்துக் கெடக்கு. வர்றப்ப அவரைக் கூட்டிட்டு வா."

முதல் தடவை ரேகை எடுக்கப் போய் வந்தவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "பத்து விரல்ல ஒண்ணுகூட விழலையாம். ரெண்டு வாரம் கழிச்சு வான்னுட்டாங்க."

"அடடா," என்றேன். என்னைவிடச் சோகமாக யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

"நேர்ச்சை போதல, மரிவிக்! அதான் விஷயம். சொரூபம் போனா என்ன, இன்னும் ரெண்டு வாரம் நானே கழுவறேன். கோயில் கடாயையும் குடு!"

நான் என்ன செய்யட்டும்? பக்தியைத் தடுக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். சாயங்காலம் வந்து சோபாவில் சாய்ந்து, கைக்குக் களிம்பு பூசிக்கொண்டு, ஜிங்ஜிங்குக்குப் படம் காட்டினேன்.

இரண்டாவது தடவைக்கு நானும் கூடப் போனேன். ரேகை எடுக்கும் திருமதி லுஹான் அவருடைய விரல் ஒவ்வொன்றையும் கண்ணாடியில் உருட்டினாள். திரை வெள்ளையாகவே இருந்தது.

"சார், உங்க விரல்ல ஒண்ணுமே இல்ல. பேங்கு கொள்ளை அடிக்கிறவங்க இதுக்காக எவ்வளவு கஷ்டப்படறாங்க தெரியுமா? என்ன வேலை பார்க்கறீங்க?"

"கண்ணாடிக் கடை, மேடம். வீட்டுல பாத்திரம் கழுவறேன். ஒரு நேர்ச்சை."

திருமதி லுஹான் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு பெண்களுக்கு அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

"உங்க மிஷின்தான் கெட்டுப்போச்சு," என்றார் என் கணவர். "மரிவிக், நீ வை பார்ப்போம்!"

வைத்தேன். திரையில் சுழி சுழியாக, கோலம் போட்ட மாதிரி விழுந்தது. ஒரு மாதமாக ஒரு கரண்டிகூடக் கழுவாத விரல்கள்!

"அடேங்கப்பா! இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கட்டைவிரலை நான் பார்த்ததில்ல," என்றாள் லுஹான்.

என் கணவர் என் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம். "மரிவிக்! நீ விண்ணப்பம் போடேன்! உன் பேர்ல வரட்டுமே. நம்ம வீட்டுக்கு வந்தாச் சரி. அந்தக் கவுன்டர்லயே போய்க் குடுப்போம்!"

சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை. நானா? பலூன் வெடித்தால் மேசைக்குக் கீழே போகிறவள் நானா? ஆனால் அடுத்த நொடியே இன்னொன்றும் தோன்றியது. அந்த பெர்மிட் அட்டை யார் கையில் இருக்கிறதோ, அவள் சொல்வதுதான் நடக்கும்.

"ஆகட்டுங்க," என்றேன்.

என் படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். குடிமகளா? பென்சில் தேடவில்லை, ஜெபம் சொல்லவில்லை. நேரே பேனாவால் 'இல்லை'. இல்லை என்று சொல்லியும் கதவைத் திறந்துவிடும் ஒரு 'இல்லை'யை வாழ்க்கையில் அன்றுதான் எழுதினேன்.

சுடும் பயிற்சிக்கும் போனேன். முதல் குண்டுக்கு அழுதேன். பன்னிரண்டாவது குண்டுக்கு மூக்கைச் சிந்தினேன். ஆனால் பத்து வருடம் முழந்தாளில் நின்று ஜெபமாலை பிடித்த கை, அசையாது. "அழுதுக்கிட்டே இவ்வளவு ஒழுங்காச் சுட்டவங்களை நான் கண்டதில்ல," என்றார் பயிற்சியாளர். விண்ணப்பத்தை நானும் என் கணவருமாக அந்தக் கவுன்டருக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். யாரும் ஒற்றை விரலால் தள்ளவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். காருக்குத் திரும்பி நடந்தபோது அவர் என் முன்னால் நடந்தார், முகம் தெரியக் கூடாதென்று.

அட்டை வந்தது. அவர் கொண்டாடிய கொண்டாட்டம் ஊர் தாங்கவில்லை. நாற்பது பேருக்கு விருந்து. என் அட்டையைக் குழந்தை படம் மாதிரி எல்லோருக்கும் காட்டினார். வாரன்கூட வந்து, தொப்பியைக் கழற்றி, "வாழ்த்துகள் மேடம். ரொம்ப நாள் முன்னாடியே வந்திருக்கணும்," என்றார். அன்றைக்குப் பாத்திரம் மலையாகக் குவிந்தது. யார் கழுவினார் என்று சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலை அவர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"சரி, துப்பாக்கி எப்ப வாங்கலாம்?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? உரிமை வந்துடுச்சே!"

"வந்துடுச்சு. அதோ, குழந்தை இயேசு படத்துக்குக் கீழ பத்திரமா வச்சிருக்கேன். தீர்ப்பை நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க? வச்சுக்கலாம்னுதானே போட்டிருக்கு? வச்சுக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கிண்ணத்தில் விழுந்த அந்த மீன் நினைவுக்கு வந்தது.

"அப்ப... என் பெர்மிட்டு?"

"தாராளமா வாங்கிக்கலாம். விரல் வளரட்டும். ரெண்டு மாசம் பாத்திரம் தொடக்கூடாதுன்னு லுஹான் சொல்லிருக்காங்க."

"ரெண்டு மாசம்!" அவர் முகம் மலர்ந்தது. "கேட்டியா? டாக்டர் உத்தரவு மாதிரி!" என்று சோபாவில் சரிந்து, காலை நீட்டி, பத்து விரலையும் ஒரு தலையணையின்மேல் வைத்துக்கொண்டார். "இனிமே யார் கூப்பிட்டாலும் நான் சமையல்கட்டுப் பக்கம் வரமாட்டேன். அங்க என் பூட்டு காவல் இருக்கு, அது போதும்."

அப்போது சமையலறையில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

இருவரும் திரும்பினோம். தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி திறந்து கிடந்தது. யானையால் திறக்க முடியாத பூட்டு ஜிங்ஜிங்கின் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு, குடுகுடுவென்று ஓடிவந்து அப்பா மடியில் போட்டாள்.

உறை பிரிக்காத மஞ்சள் ரப்பர் கையுறை. ஒரு ஜோடி. ஆண்கள் அளவு.

ஆர்னெல் கையுறையைப் பார்த்தார். மகளின் கழுத்தில் கிடந்த பூட்டைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, பூட்டைத் தானே கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைசியாக என்னைப் பார்த்தார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் உறையைப் பிரித்தார். ஒவ்வொரு விரலாக நுழைத்தார். எழுந்து சமையல் தொட்டிப் பக்கம் நடந்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றார்.