கிச்சாப்பின் வயிறும் என் வைத்தியமும்

கைபேசியில் ஒரு காணொளி பார்த்துவிட்டு வைத்தியம் பேசுகிறவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. நான் அந்தப் பிராணியாக இருந்தவன். (இப்போது இல்லை என்று மனைவி இன்னும் எழுதித் தரவில்லை.)

கல்யாணமான புதிது. சிலிபினில் வாடகை வீடு. மனைவியின் தம்பி குமரனுக்குச் சிலிம் ரிவர் ஊரில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. தங்குமிடத்தில் பூனை வளர்க்கக் கூடாதாம். தன் பூனையை எங்களிடம் விட்டான். சோயா சாஸ் நிறத்தில் இருந்ததால், மலாயில் அதற்குச் சொல்லும் கிச்சாப் என்பதே அதன் பெயர். ஒரு வயது நிரம்பாத கடுவன்.

"பத்திரமா பாத்துக்குங்க மச்சான். எனக்கு இது புள்ள மாதிரிலா."

"கவலப்படாம போ. நீ வரும்போது புலியா இருக்கும்," என்றேன்.

சில வாரங்களில் கிச்சாப் சோறு தின்னாமல் படுத்துவிட்டது. உடம்பு சுட்டது. கிளினிக்குக்குப் போகலாம் என்றாள் மனைவி கவிதா. நான் சிரித்தேன். வைரஸ் வந்தால் உடம்பே படை திரட்டும், படைக்கு நாம் சாப்பாடு போட்டால் போதும் என்று பாடம் எடுத்தேன். மிளகு, மஞ்சள், துளசி போட்டுக் கஷாயம் காய்ச்சிப் புகட்டினேன். கிச்சாப் பாதியை என் சட்டையில் துப்பியது. அறிவுள்ள பூனை.

பிறகு அதன் வயிறு உருண்டு பெருத்தது. படம் பிடித்து, 'எதிர்ப்பு சக்தி ஏறுகிறது' என்று குடும்பக் குழுவில் போட்டேன்.

"என்னங்க, வயிறு மட்டுந்தான் பெருசாவுது. முதுகெலும்பு கையில தட்டுது," என்றாள் கவிதா.

"சத்து மொதல்ல வயித்துலதான் சேரும்." (எங்கே படித்தேன்? எங்கேயும் இல்லை.)

ஒரு நாள் காலை கிச்சாப் எழுந்திருக்கவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. கவிதா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கார் சாவியை எடுத்தாள்.

கால்நடை மருத்துவர் ஊசி குத்தி அதன் வயிற்றிலிருந்து மஞ்சள் நீரை எடுத்தார்.

"இது சத்து இல்ல, தண்ணி. நெறைய பூனைங்க குடல்ல சாதாரணமா இருக்கிற வைரஸ்தான் இது. சில பூனைங்களுக்குள்ள உருமாறிடும். பிடிச்சு அழிக்க வர்ற வெள்ளணுக்குள்ளயே பூந்து பெருகும். எதிர்ப்பு சக்தி சும்மா இருக்காது, கண்டபடி அடிக்கும். அதுல ரத்தக்குழாயே புண்ணாகித் தண்ணி கசியும்."

நான் தொண்டையைச் செருமினேன். "அப்போ டாக்டர், என் கஷாயம் எதிர்ப்பு சக்திய ரொம்பக் கூட்டி..."

"உங்க கஷாயத்துக்கு அவ்வளவு சக்தி இல்ல சார்," என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நீங்க வீணாக்கினது நாட்களத்தான்."

குற்றவாளியாகும் தகுதிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது இதற்கு மருந்து உண்டு, பிழைக்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். குமரனுக்கு நான்தான் போன் செய்தேன். நான் சுற்றி வளைத்ததை அவன் கொஞ்ச நேரம் கேட்டான்.

"இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மச்சான்."

"இருக்கு," என்றேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. ஊட்டுவது என் வேலை என்று கவிதா தீர்ப்பளித்தாள். கையெல்லாம் கீறலோடு வேலைக்குப் போனேன். வீட்டில் சண்டை என்று ஆபீசில் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை; உண்மை அதைவிடக் கேவலம். மெல்ல வயிறு வற்றியது, முதுகில் சதை ஏறியது. கிச்சாப் பிழைத்துக்கொண்டது. என் மானம் பிழைக்கவில்லை.

போன வருடம் கவிதா கர்ப்பமானாள். குமரன் போன் செய்தான். வாழ்த்தப்போகிறான் என்று, பக்கத்திலிருந்த என் மாமியாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், அக்கா வயிறு பெருசானா நீங்களா ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க."

மாமியார் அதை வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னார். இன்று எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தொந்தி விழுந்தாலும், முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.